பழைய தோட்ட டிராக்டருக்கு வேறு என்ஜின்

வீல் ஹார்ஸ், கப் கேடட், ஜான் டியர், சிம்ப்ளிசிட்டி, பொலன்ஸ் என்று அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் செய்த தோட்ட டிராக்டர்கள் இன்றும் அங்கே பல கொட்டகைகளில் நிற்கின்றன. ஊருக்கு வெளியே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்குகிறவர்களுக்கு வீட்டோடு சேர்ந்தே அப்படி ஒரு வண்டி வந்துவிடுவதும் உண்டு. கனத்த தகட்டில் அடித்தளச் சட்டம், வார்ப்பிரும்பில் கியர்பாக்ஸ். எத்தனையோ கோடைக்குப் புல் வெட்டி, எத்தனையோ குளிர்காலத்துக்குப் பனி தள்ளிய பிறகும் அவை தேயாமல் இருக்கும். முதலில் கைவிடுவது என்ஜின்தான். அதை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினால் வண்டி இன்னும் பல வருடம் உழைக்கும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை எச்.பி. போடலாம்?" என்பதைத்தான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. என்ஜின் எங்கெல்லாம் வண்டியைத் தொடுகிறதோ அங்கெல்லாம்தான் வேலை கெடுகிறது: ஷாஃப்ட், புல்லி, ஸ்விட்ச் ஒயர், பெட்ரோல் குழாய், சார்ஜிங். இவை பொருந்தினால் ஒன்றிரண்டு எச்.பி. குறைந்தாலும் வண்டி ஓடும். இவை பொருந்தாவிட்டால் எவ்வளவு சக்தி இருந்தும் பெல்ட் கருகும், காயில் எரியும்.

பழையது போய்விட்டதுதானா?

காசு செலவழிக்கும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கோலர் கம்பெனியின் கே வரிசை ஒற்றை சிலிண்டர் என்ஜின்: கே181 என்றால் 8 எச்.பி., கே241 என்றால் 10, கே301 என்றால் 12, கே321 என்றால் 14, கே341 என்றால் 16. பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒதுக்கப்பட்ட பல வண்டிகளில் உண்மையான கோளாறு கான்டாக்ட் பாயிண்டில் படிந்த அழுக்கும் கார்புரேட்டரில் உறைந்த பெட்ரோலும்தான். பாயிண்டைத் துடைத்து 0.020 அங்குல இடைவெளி வைத்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பார்க்காமல் என்ஜினைக் குறை சொல்ல வேண்டாம்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்து அழுத்தம் குறைவு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக, மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் ஏற்பாடு இந்த என்ஜின்களின் கேம் ஷாஃப்டில் இருக்கிறது. நல்ல என்ஜினிலும் கேஜ் குறைவாகத்தான் காட்டும். சரியான சோதனை வேறு. பிஸ்டனை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஃபிளைவீலை அசையாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றடியுங்கள். பிறகு காதை வையுங்கள். கார்புரேட்டரில் காற்றுச் சத்தம் வந்தால் இன்டேக் வால்வு பிடிக்கவில்லை. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் புஸ்ஸென்று வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. வால்வு மட்டும்தான் கோளாறு என்றால் கிரைண்டிங் செய்து ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம்.

போர் தேய்ந்திருந்தாலும் வழி உண்டு. 0.010, 0.020, 0.030 அங்குலம் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கின்றன. லேத் பட்டறையில் போர் அடித்து அவற்றைப் போடலாம். கனெக்டிங் ராடு அலுமினியம். நடுவில் பேரிங் இல்லாமல் நேராகவே கிராங்கின் மேல் ஓடுவது. ஆயில் வற்றி ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், அல்லது கிராங்க் பின் சாணை பிடிக்க முடியாத அளவுக்குக் கீறியிருந்தால், அப்போதுதான் வேறு என்ஜினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த வண்டிக்கு எளிது, எதற்குக் கடினம்

என்ஜின் மாற்ற மிக வசதியான வண்டி வீல் ஹார்ஸ். என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து ஒரு பெல்ட் நேராகப் பின்னால் கியர்பாக்ஸ் புல்லிக்குப் போகும். கிளட்ச் பெடல் செய்வதெல்லாம் அந்தப் பெல்ட்டைத் தளர்த்துவது மட்டுமே. ஆகவே புது என்ஜின் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தாலும் பெல்ட் நீளத்தை மாற்றிச் சமாளிக்கலாம்.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் கொண்டுவந்த கப் கேடட் அப்படியல்ல. அதில் பெல்ட் இல்லை. என்ஜினின் ஃபிளைவீல் பக்கத்திலிருந்து ஒரு டிரைவ் ஷாஃப்ட் பின்னால் போகிறது. வழக்கமான ஷாஃப்ட் முனை முன்பக்கம் பார்த்து புல்வெட்டியை ஓட்டுகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண என்ஜினில் ஃபிளைவீல் பக்கம் எதையும் மாட்ட முடியாது, அங்கே கயிற்று ஸ்டார்ட்டரும் மூடியும் இருக்கும். திருப்பி வைத்து ஷாஃப்டைப் பின்பக்கம் காட்டினால் சுழற்சி எதிர்த்திசையாகிவிடும். மூன்று முன் கியரும் ஒரு ரிவர்ஸும் உள்ள வண்டி, மூன்று ரிவர்ஸும் ஒரு முன் கியருமாக மாறும். கப் கேடட் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, முடிந்தவரை அந்த கே என்ஜினையே போர் அடித்து உயிர்ப்பியுங்கள் என்பதுதான்.

ஜான் டியர் 318 மூன்றாவது வகை. அதில் ஓனன் கம்பெனியின் படுக்கை இரட்டை சிலிண்டர். உதிரிபாகம் விலை கூடிப்போனதால், அந்த வண்டிக்காரர்கள் பலர் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் வேன்கார்ட் வி-ட்வின் போடுகிறார்கள். அடித்தட்டு, ஒயரிங் எல்லாம் சேர்ந்த தயார் செட்டாகவே விற்கிறார்கள். அதை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். இனி இந்த அத்தியாயம் சொல்வது வீல் ஹார்ஸ் மாதிரியான பெல்ட் வண்டிகளுக்கு.

இறக்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

பழைய என்ஜின் தன் இடத்தில் இருக்கும்போது கிடைக்கும் அளவுகள், அதை இறக்கிய பின் கிடைக்காது. சட்டத்தின் மேல்தளத்திலிருந்து ஷாஃப்டின் மையம் எவ்வளவு உயரம்? சட்டத்தின் விளிம்பிலிருந்து டிரைவ் புல்லியின் உள்முகம் எவ்வளவு தூரம்? புல்வெட்டி புல்லிக்கு எவ்வளவு? புல்லிகளின் வெளிவிட்டம் என்ன? பானெட்டின் உட்புறம் வரை மேலே எவ்வளவு இடம்? எல்லாவற்றையும் ஒரு நோட்டில் படம் போட்டுக் குறியுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் அது எங்கிருந்து வந்தது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பெட்ரோலை முழுதாக வடித்துவிடுங்கள். கே என்ஜின் கனமானது. கையால் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். செயின் பிளாக்கோ சிறிய கிரேனோ வேண்டும்.

என்ஜினைத் தேர்ந்தெடுப்பது

படுக்கை ஷாஃப்ட் என்ஜின்தான் வேண்டும். புல்வெட்டி வண்டிகளிலிருந்து கழற்றி மலிவாக விற்கும் என்ஜின்களில் பெரும்பாலானவை ஷாஃப்ட் கீழ்நோக்கி இருப்பவை, இங்கே உதவாதவை. ஹோண்டா ஜிஎக்ஸ்390 வகையும், அதே அமைப்பில் செய்யப்படும் மலிவு விலை என்ஜின்களும் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. ஹார்பர் ஃப்ரெய்ட் கடைகளில் விற்கும் பிரிடேட்டர் 420 சி.சி. அந்த இனம்தான்.

இவற்றிலும் ஷாஃப்ட் பல விதம். நமக்கு வேண்டியது 1 அங்குல விட்டத்தில், கால் அங்குலக் கீ வெட்டிய, நேரான ஷாஃப்ட். ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய பழைய என்ஜின் பாதி விலைக்குக் கிடைக்கும். அதன் ஷாஃப்ட் கூம்பு வடிவம், புல்லி உட்காராது. தண்ணீர் பம்ப்பிலிருந்து வந்ததில் ஷாஃப்ட் முனையே மரையாக இருக்கும். பாதி வேகத்துக்குக் குறைக்கும் கியர் பெட்டியோடு வருவதும் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்து வாங்காமல், ஷாஃப்டின் விட்டத்தையும் நீளத்தையும் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாகவே வாங்குங்கள். பானெட்டுக்குள் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய இடம் இருக்காது.

இப்போது சக்தியைப் பார்க்கலாம். 10 எச்.பி. கே241இன் கொள்ளளவு 391 சி.சி.; ஜிஎக்ஸ்390இன் கொள்ளளவு 389 சி.சி. கிட்டத்தட்ட ஒன்றேதான். 8, 10 எச்.பி. வண்டிக்கு ஜிஎக்ஸ்390 தாராளம். 12 எச்.பி. கே301 ஏறத்தாழ 476 சி.சி.; அந்த வண்டியில் புல் வெட்டவும் பனி தள்ளவும் ஜிஎக்ஸ்390 போதும். கலப்பை பூட்டி உழுவதானால் வித்தியாசம் தெரியும். கே என்ஜினின் கனத்த ஃபிளைவீல், கட்டியான மண்ணில் கலப்பை மாட்டும்போது வேகம் விழாமல் இழுத்துக்கொண்டு போகும். புது என்ஜினின் லேசான ஃபிளைவீலுக்கு அந்த நிதானம் இல்லை. 588 சி.சி. கே341 இருந்த வண்டிக்கு வி-ட்வின்தான் சரி.

தட்டும் புல்லியும்

புது என்ஜினின் போல்ட் துளைகள் பழைய சட்டத்துத் துளைகளோடு சேராது. நடுவில் ஒரு அடித்தட்டு வேண்டும். 10 அல்லது 12 மி.மீ. இரும்புத் தகடு எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைச் சட்டத்தின் பழைய துளைகளில் பிடியுங்கள். என்ஜினைத் தட்டில் பிடியுங்கள். என்ஜினுக்கான துளைகளை வட்டமாகப் போடாமல், வண்டியின் நீளவாக்கில் நீண்ட துளைகளாக வெட்டுங்கள். பெல்ட்டை இழுத்து வைக்க அது உதவும். நட்டுகள் எல்லாம் நைலான் பூட்டு நட்டுகளாக இருக்கட்டும். ஒற்றை சிலிண்டர் அதிர்வு சாதாரண வாஷரை ஒரு பருவத்துக்குள் தளர்த்திவிடும். ஆயில் வடிக்கும் துளை தட்டுக்கோ சட்டத்துக்கோ எதிரே வருகிறதா என்று ஏற்றும் முன்பே பார்த்து, வந்தால் அதில் நீட்டுக் குழாய் மாட்டிவிடுங்கள். ஏற்றிய பிறகு ஸ்பானர் நுழையாது.

கே241 முதல் கே341 வரை ஷாஃப்ட் விட்டம் 1⅛ அங்குலம். புது ஷாஃப்ட் 1 அங்குலம். பழைய புல்லியை வைத்துக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே எஃகு ஸ்லீவ் ஒன்று லேத்தில் கடைந்து போடலாம், தயாராகவும் கிடைக்கிறது. ஆனால் அதே விட்டமுள்ள புதுப் புல்லி 1 அங்குலத் துளையோடு கிடைத்தால் அதுவே மேல். விட்டத்தை மட்டும் மாற்ற வேண்டாம். புல்லி பெரிதானால் வண்டியின் வேகமும் கத்தியின் வேகமும் கூடும். புல்வெட்டிக் கத்தியின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. பழைய புல்வெட்டிகள் அந்த எல்லையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் இன்னும் எச்சரிக்கை தேவை.

அடுத்தது நேர்கோடு. இந்த வேலையில் அதிகப் பொறுமை கேட்பது இதுதான். பெல்ட்டை மாட்டும் முன், நேரான நீண்ட இரும்புப் பட்டை ஒன்றை கியர்பாக்ஸ் புல்லியின் முகத்தில் தட்டையாக வைத்து, முன்னால் என்ஜின் புல்லி வரை நீட்டுங்கள். இரண்டு புல்லியின் விளிம்பும் ஒரே கனமாக இருந்தால், பட்டை நான்கு இடத்தில் தொட வேண்டும்: பின்புல்லியின் இரு விளிம்பு, முன்புல்லியின் இரு விளிம்பு. முன்புல்லியில் ஒரு விளிம்பு மட்டும் தொட்டால் என்ஜின் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, தளர்த்தித் திருப்புங்கள். இரண்டுமே தொடாமல் சம இடைவெளி இருந்தால் புல்லி உள்ளே தள்ளியிருக்கிறது, ஷாஃப்டில் நகர்த்துங்கள். பிறகு போல்ட்டை இறுக்கி, மறுபடி பட்டையை வைத்துப் பாருங்கள். இறுக்கும்போது என்ஜின் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

பெல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டு மூடியையும் அலட்சியப்படுத்த வேண்டாம். வீல் ஹார்ஸில், கிளட்சை அழுத்தித் தளர்ந்த பெல்ட்டைப் புல்லியிலிருந்து விலக்கி வைப்பது அந்த மூடியில் இருக்கும் விரல்கள்தான். புது என்ஜினில் புல்லி இடம் மாறியிருந்தால் விரல்களை வளைத்தோ வெல்டிங் வைத்தோ திருத்துங்கள். இல்லையென்றால் கிளட்சை முழுக்க அழுத்தியும் வண்டி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஒயரிங்

கே என்ஜின் பேட்டரியிலிருந்து ஸ்பார்க் எடுப்பது. சாவியைத் திருப்பினால் காயிலுக்கு 12 வோல்ட் போகும், என்ஜின் ஓடும். நிறுத்தினால் கரண்ட் அறும், என்ஜின் நிற்கும். ஜிஎக்ஸ் வகை மேக்னெட்டோ. ஃபிளைவீல் காந்தமே ஸ்பார்க்கை உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தேவையில்லை. அதை நிறுத்த ஓர் ஒயர் உண்டு. அதை எர்த்தில் சேர்த்தால் ஸ்பார்க் அறுந்து என்ஜின் நிற்கும். இரண்டும் நேர் எதிர். பழைய சாவி ஸ்விட்சின் காயில் ஒயரை எடுத்துப் புது என்ஜினின் நிறுத்தும் ஒயரில் சேர்த்துவிட்டால், சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் மேக்னெட்டோ காயிலுக்குள் போகும். காயில் எரிந்துவிடும்.

ஆகவே அந்த ஒயரை எதிலும் சேர்க்கும் முன், மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை வண்டிப்பக்கத்து ஒயரிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்து, சாவியை எல்லா நிலையிலும் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் வோல்ட் காட்டக்கூடாது.

மேக்னெட்டோ வகைச் சாவி ஸ்விட்ச் வாங்கி மாற்றுவது ஒரு வழி. ஆனால் சீட், கிளட்ச், புல்வெட்டி லீவர் ஆகியவற்றில் பாதுகாப்பு ஸ்விட்சுகள் உள்ள வண்டியில் அவையும் எதிர் வகைக்கு மாற வேண்டும். எளிய வழி, காரில் போடும் ஐந்து முனை ரிலே ஒன்று. பழைய காயிலுக்குப் போன 12 வோல்ட் ஒயரை 86ஆம் முனையில் கொடுங்கள். 85ஐ எர்த் செய்யுங்கள். 30இல் புது என்ஜினின் நிறுத்தும் ஒயர். 87ஏ முனையில் எர்த். 87 காலியாக இருக்கட்டும். சாவி போட்டு எல்லாப் பாதுகாப்பு ஸ்விட்சும் சரியாக இருந்தால் ரிலே இழுத்துக்கொள்ளும், நிறுத்தும் ஒயர் எர்த்திலிருந்து விலகும், என்ஜின் ஓடும். ஓட்டுபவர் சீட்டிலிருந்து விழுந்தால் ரிலே விடும், என்ஜின் நிற்கும். பாதுகாப்பு ஸ்விட்சுகளைச் சுருக்கு வழியில் சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. சுழலும் கத்திக்கு மேல் உட்காரும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது.

பழைய வீல் ஹார்ஸ் சிலவற்றில் பெல்ட்டில் ஓடும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் இருக்கும். அதையும் அதன் ரெகுலேட்டரையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள். புது என்ஜினுக்குச் சொந்த ஸ்டார்ட்டரும் சார்ஜிங் காயிலும் உண்டு. அந்தக் காயில் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று வாங்கும்போதே கேளுங்கள். சில என்ஜின்களில் மூன்று ஆம்பியர்தான் வரும். புல்வெட்டிக்கு மின்காந்தக் கிளட்ச் இருந்தால் அது ஒன்றே நான்கு ஆம்பியர் அளவு குடிக்கும். வேலை நடுவில் பேட்டரி இறங்கிப் போகும். என்ஜினிலிருந்து சட்டத்துக்கு எர்த் ஒயர் ஒன்று தனியாகப் போட்டு, அது தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். புதிதாகப் பெயிண்ட் அடித்த அடித்தட்டு எர்த்தைக் கடத்தாது.

பெட்ரோல், சைலன்சர்

ஜிஎக்ஸ் வகையில் டேங்க் தலைமேல் இருந்து பெட்ரோல் தானாக இறங்கும். பானெட்டை மூட அந்த டேங்கை எடுத்துவிட்டு வண்டியின் டேங்கைச் சேர்க்க வேண்டியிருக்கும். வண்டி டேங்கின் அடிமட்டம் கார்புரேட்டரைவிட உயரமாக இருந்தால் கவலையில்லை. தாழ்வாக இருந்தால் பம்ப் வேண்டும். கிராங்க்கேஸ் அழுத்தத்தில் துடிக்கும் சிறிய வேக்கம் பம்ப் போதும். காருக்கான எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் அழுத்தம் அதிகமாகி, கார்புரேட்டர் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். வழிவது சைலன்சர் மேல் என்றால் தீதான். பெட்ரோல் குழாயைப் புதிதாகவே போடுங்கள், நடுவில் ஒரு ஃபில்டரும்.

சைலன்சரின் வாய் பெல்ட்டையோ டேங்கையோ ஓட்டுபவரின் காலையோ பார்த்து ஊதக்கூடாது. கயிற்று ஸ்டார்ட்டர் பக்கம்தான் என்ஜின் குளிர்காற்றை இழுக்கும் வாய். பானெட்டின் பக்கத் தகடு அதை அடைத்தால் தகட்டில் துளையிட வேண்டும், அழகு கெட்டாலும் பரவாயில்லை.

முதல் ஓட்டம்

புது என்ஜின் பெட்டியில் வரும்போது ஆயில் இருக்காது. ஜிஎக்ஸ்390க்கு 1.1 லிட்டர் பிடிக்கும், 10டபிள்யூ-30. வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார் இதில் இருந்தால், சரிவில் புல் வெட்டும்போது ஆயில் இருந்தும் என்ஜின் நிற்கக்கூடும். அதைக் கழற்றி எறிய வேண்டாம். ஆயிலை வாய்மட்டம் வரை வைத்திருந்தாலே பெரும்பாலும் சரியாகும்.

பெல்ட் இல்லாமல் முதலில் ஓட்டுங்கள். சாவியில் நிற்கிறதா, சீட்டிலிருந்து எழுந்தால் நிற்கிறதா என்று பாருங்கள். டாக்கோமீட்டர் வைத்து முழு ஆக்சிலேட்டரில் வேகத்தை அளந்து, பழைய என்ஜினுக்கு இருந்த 3,600 சுற்றுக்கு மேல் போகாதபடி நிறுத்து ஸ்குரூவைத் திருப்புங்கள். பிறகு பெல்ட். ஒரு மணி நேரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்கி, இரும்புப் பட்டையை மறுபடி புல்லிமேல் வைத்துப் பாருங்கள். 20 மணி நேரத்தில் முதல் ஆயில் மாற்றம். அந்த ஆயிலில் வெள்ளிப்பொடி மின்னும், புது என்ஜினுக்கு அது இயல்பு.

இறக்கிய கே என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். தோட்ட டிராக்டர் இழுவைப் போட்டிக்காரர்கள் இந்த வார்ப்பிரும்பு பிளாக்குகளைத் தேடி வாங்குகிறார்கள்; கே341 என்றால் இன்னும் மதிப்பு. பிளாக் துளைத்துப் போயிருந்தாலும் ஃபிளைவீல், கார்புரேட்டர், ஆயில் பான், கேம் ஷாஃப்ட் என்று தனித்தனியாக விலை போகும். ஆயிலை வடித்து, பிளக் துளையில் கொஞ்சம் புது ஆயில் விட்டு, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, துளையை மூடி, நனையாத இடத்தில் பலகைமேல் வையுங்கள்.